ஏருக்குத் திரும்பிய இரண்டு தளபதிகள்: சின்சினாட்டஸும் வாஷிங்டனும்

கேள்வி: பாடப்புத்தகத்தில் ரோமாபுரியின் சின்சினாட்டஸும் அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டனும் அடுத்தடுத்த பெட்டிச் செய்திகளாக இருக்கிறார்கள். இருவரும் போரில் வென்று, அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விவசாயம் பார்க்கப் போனார்கள் என்று போட்டிருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளியுள்ள இரண்டு கதைகள் இப்படி ஒத்துப்போவது தற்செயலா? வாஷிங்டன் பதவியைத் துறந்தால் அவரே உலகின் மிகப் பெரிய மனிதர் என்று இங்கிலாந்து மன்னர் சொன்னாராமே, அது உண்மையா?

பதில்:

தற்செயல் இல்லை. 18ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் நாலு எழுத்துப் படித்தவர்கள் ரோமாபுரி வரலாற்றில் ஊறியவர்கள். பத்திரிகைக்கு அரசியல் கட்டுரை எழுதினால் சொந்தப் பெயரைப் போடாமல் புரூட்டஸ், கேட்டோ, பப்ளியஸ் என்று ரோமானியப் பெயர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். வாஷிங்டன் கல்லூரி வாசலை மிதிக்காதவர், லத்தீன் அறியாதவர். ஆனாலும் அந்தச் சூழலில் வளர்ந்தவர்தான். ஆங்கிலேயருக்கு எதிரான விடுதலைப் போரின்போது, 1778 மே மாதம் வேலி ஃபோர்ஜ் பாசறையில், ஜூலியஸ் சீசருக்குப் பணிய மறுத்து உயிரை மாய்த்துக்கொண்ட கேட்டோவைப் பற்றிய நாடகத்தை அதிகாரிகள் மேடையேற்றியபோது அவரும் உட்கார்ந்து பார்த்தார். சின்சினாட்டஸ் யார் என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாம் எந்த உதாரணத்தைப் பின்பற்றுகிறோம் என்று அறிந்தேதான் அவர் பதவி விலகினார்.

எனக்கு அந்த ஒற்றுமையைவிட, பெட்டிச் செய்திக்குள் அடங்காமல் விடுபட்டவைதான் முக்கியமாகப் படுகின்றன. ரோமாபுரியிலிருந்து தொடங்குகிறேன்.

கி.மு. 458. ரோம் அப்போது பேரரசு இல்லை. டைபர் ஆற்றங்கரையில் ஒரு நகரம், சுற்றிலும் சண்டைக்கார அண்டை மக்கள். அவர்களில் ஏக்வி என்ற மலைவாழ் மக்கள், அல்கிடஸ் மலைப்பகுதியில் கான்சல் மினூசியஸையும் அவருடைய படையையும் முற்றுகையிட்டுவிட்டார்கள். வளையம் முழுவதும் மூடுவதற்கு முன் தப்பி வந்த ஐந்து குதிரைவீரர்கள் நகரத்துக்குச் செய்தி சொன்னார்கள். இப்படிக் கழுத்துக்குக் கத்தி வரும் நேரத்துக்கென்றே ரோமானியர்களிடம் ஒரு பதவி இருந்தது. வழக்கமாக ஆட்சி இரண்டு கான்சல்கள் கையில் இருக்கும், இருவரும் சேர்ந்து ஓராண்டு. நெருக்கடி வந்தால் ஒரே ஒருவரை டிக்டேட்டராக நியமிப்பார்கள். படையும் அவர் சொல்படி, நகரமும் அவர் சொல்படி. ஆனால் அதிகபட்சம் ஆறு மாதம், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது.

அந்தப் பதவியை ஏற்கச் சொல்லத் தூதர்கள் போனபோது, லூசியஸ் குவிங்டியஸ் சின்சினாட்டஸ் டைபருக்கு அக்கரையில் தம் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். நான்கு யூகேரா நிலம், நம் கணக்கில் சுமார் இரண்டரை ஏக்கர். உழுதுகொண்டிருந்தாரா, வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தாரா என்பதில் கதையைச் சொல்லும் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவிக்கே உறுதி இல்லை. இரண்டையும் சொல்லி வைக்கிறார். செனட்டின் ஆணையைக் கேட்பதற்கு முறையான உடையில் இருக்க வேண்டும் என்று தூதர்கள் சொன்னதும், குடிசையிலிருந்து டோகாவை எடுத்துவரும்படி மனைவி ரசிலியாவிடம் சொன்னார். புழுதியையும் வியர்வையையும் துடைத்துவிட்டு உடுத்திக்கொண்டார். உடனே டிக்டேட்டர் என்று வாழ்த்தினார்கள்.

அடுத்த நாளே கடைகளை மூடச் சொன்னார், வழக்குகளை நிறுத்தினார். போருக்குப் போகும் வயதுள்ள எல்லோரும் ஐந்து நாளைக்கான உணவோடும் பன்னிரண்டு மரக் கழிகளோடும் பொழுது சாய்வதற்குள் மார்ஸ் திடலில் கூட வேண்டும் என்று ஆணை. கழிகள் எதற்கு? அங்கேதான் திட்டமே இருந்தது. இரவோடு இரவாக நடந்து, நள்ளிரவில் எதிரிப் பாசறையை அடைந்து, அதைச் சுற்றி அகழி வெட்டி, கொண்டுபோன கழிகளை நட்டு, முற்றுகை போட்டவர்களையே முற்றுகைக்குள் அடைத்துவிட்டார். உள்ளே இருந்த மினூசியஸின் படை ஆரவாரம் கேட்டு ஒரு பக்கம் தாக்க, வெளியே இருந்து இவர் இன்னொரு பக்கம் தாக்க, விடிந்ததும் ஏக்விகள் உயிர்ப்பிச்சை கேட்டார்கள். மூன்று ஈட்டிகளால் அமைத்த நுகத்தடியின் கீழ் அவர்களைக் குனிந்து போகவைத்து அனுப்பினார். வெற்றி ஊர்வலம் முடிந்து பதினாறாம் நாள் பதவியைத் துறந்துவிட்டார்.

பெட்டிச் செய்தி இதோடு நின்றுவிடும். லிவியின் கதை நிற்பதில்லை. சின்சினாட்டஸ் இரண்டரை ஏக்கரில் உழைத்தது பிறவி எளிமையால் அல்ல. அவர் பட்ரீசியன் எனப்பட்ட உயர்குடியைச் சேர்ந்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கான்சலாகவே இருந்தவர். அவருடைய மகன் கைசோ, பிளெபியன்கள் எனப்பட்ட சாமானிய மக்களின் கோரிக்கைகளை அடியாள் பலத்தால் முறியடித்துவந்த முரடன். கான்சல்களின் அதிகாரத்துக்குச் சட்டத்தில் வரம்பு கட்ட வேண்டும் என்பதே அந்தக் கோரிக்கைகளில் முதன்மையானது. வோல்சியஸ் என்பவர் கொலைக் குற்றமும் சாட்டியதும் கைசோ ஊரைவிட்டு ஓடிவிட்டான். பிணைத்தொகை முழுவதையும் தகப்பன் தலையில் கட்டினார்கள். சொத்தை விற்றுக் கட்டிவிட்டுத்தான் அவர் ஆற்றுக்கு அக்கரையில் குடிசை போட்டார். டிக்டேட்டராக அவர் நகருக்குள் நுழைந்தபோது சாமானிய மக்கள் மகிழவில்லை என்று லிவியே எழுதுகிறார்: பதவியும் அளவுக்கு மீறியது, ஆளும் அதைவிடக் கடுமையானவர் என்று அஞ்சினார்களாம். அந்தப் பதினாறு நாளிலும் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. அவர் உடனே விலகியிருப்பார். மகனுக்கு எதிராகச் சாட்சி சொன்ன வோல்சியஸ் மீதான பொய்ச்சாட்சி வழக்குதான் அவரை நிறுத்தி வைத்தது. வோல்சியஸ் தண்டிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்ட பிறகே பதவியைக் கீழே வைத்தார்.

கி.மு. 439இல் எண்பது வயதைக் கடந்தவரை மறுபடியும் டிக்டேட்டராக அழைத்தார்கள். இந்த முறை எதிரி வெளியூர்க்காரன் இல்லை. பஞ்ச காலத்தில் ஸ்பூரியஸ் மேலியஸ் என்ற செல்வந்தர் எட்ருரியாவிலிருந்து தம் பணத்தில் தானியம் வாங்கி மக்களுக்குக் கொடுத்துவந்தார். மக்கள் அவர் பின்னால் திரண்டார்கள். அரசனாகப் பார்க்கிறான் என்று புகார் வந்தது. விசாரணைக்கு வர மறுத்தவரைச் சின்சினாட்டஸின் துணைத்தளபதி அஹாலா, ஃபோரம் எனப்பட்ட நகரப் பொதுச் சதுக்கத்தில் வெட்டிக் கொன்றார். செய்தது சரி என்று சின்சினாட்டஸ் பாராட்டினார். மேலியஸின் வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். மேலியஸ் உண்மையிலேயே அரசனாக ஆசைப்பட்டாரா, பசித்தவர்களுக்குச் சோறு போட்டதுதான் குற்றமா? எந்தப் பக்கம் எழுதினாலும் வாதம் வலுவாக இருந்தால் நான் மதிப்பெண் குறைக்கமாட்டேன். ஆனால் சின்சினாட்டஸைச் சாதுவான உழவராக மட்டும் காட்டும் விடை அரைகுறை விடைதான்.

லிவி இதை எழுதியது நிகழ்ச்சி நடந்து நானூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. கி.மு. 390 வாக்கில் காலியர்கள் நகரத்தைக் கொளுத்தியபோது பழைய பதிவேடுகளில் பெரும்பகுதி எரிந்துபோனது என்று ஒப்புக்கொள்பவரும் அவரேதான். பணமே பெரிது என்று நினைப்பவர்கள் காதுகொடுத்துக் கேட்க வேண்டிய கதை என்ற முன்னுரையோடுதான் ஏர் காட்சியைத் தொடங்குகிறார். அதாவது, நீதி புகட்டவே சொல்கிறார். சின்சினாட்டஸ் என்று ஒருவர் இருந்திருக்கலாம்; டோகாவும் வியர்வையும் கதை வளர்த்த நகாசு வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வாஷிங்டனுக்கு வரும்போது நிலைமை தலைகீழ். இங்கே கடிதங்கள், குறிப்புகள், அமெரிக்க மாநிலங்களின் பொது அவையான காங்கிரஸின் நடவடிக்கைப் பதிவுகள் எல்லாம் கையில் இருக்கின்றன. நாள் மட்டுமல்ல, யார் தொப்பியைக் கழற்றினார்கள் என்பதுகூடத் தெரியும்.

1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் ஆங்கிலேயப் படை சரணடைந்தது. அதன் தளபதி கார்ன்வாலிஸ், உடல்நலமில்லை என்று சொல்லிச் சரணடையும் சடங்குக்கு வராமல் துணைத்தளபதியை அனுப்பிவைத்தார். இதே கார்ன்வாலிஸ்தான் ஐந்து ஆண்டு கழித்து இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்து, 1792இல் திப்பு சுல்தானைப் பணியவைத்தவர். அவருடைய சிலை சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் தோற்றவருக்கு இங்கே சிலை.

யார்க்டவுனுக்குப் பிறகும் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாக ஏறத்தாழ இரண்டு ஆண்டு பிடித்தது. இடையில் படை சும்மா உட்கார்ந்திருந்தது, சம்பளம் இல்லாமல். காரணத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், தேர்வில் பலர் கோட்டைவிடும் இடம் இது. மாநிலங்களை ஒன்றாக இணைத்து 1781இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகளின்படி காங்கிரஸுக்கு வரி விதிக்கும் அதிகாரமே கிடையாது. மாநிலங்களிடம் கேட்கலாம், கொடுத்தால் உண்டு. இறக்குமதிக்கு 5 சதவீதத் தீர்வை போடலாம் என்ற யோசனைக்கு எல்லா மாநிலங்களும் ஒப்ப வேண்டியிருந்தது. 1782இல் ரோட் ஐலண்ட் என்ற ஒரு குட்டி மாநிலம் முடியாது என்றது, யோசனை செத்துப்போனது. 1780இல் அதிகாரிகளுக்கு ஆயுள் முழுவதும் பாதிச் சம்பளம் என்று வாக்களித்த காங்கிரஸிடம் சல்லிக்காசு இல்லை.

வெறுப்பு எந்த அளவுக்குப் போனது என்றால், 1782 மே மாதம் கர்னல் லூயிஸ் நிக்கோலா என்பவர் வாஷிங்டனுக்கு நீண்ட கடிதம் எழுதி, குடியரசு நமக்கு ஒத்துவராது, முடியாட்சிதான் வழி, நீங்களே தலைமை ஏற்க வேண்டும் என்கிற அளவுக்குக் குறிப்புக் காட்டினார். அன்றைக்கே வாஷிங்டனிடமிருந்து சுடச்சுடப் பதில் போனது: இப்படி ஓர் எண்ணத்தை என்னிடம் சொல்லத் துணிய நான் என்ன செய்தேன் என்று புரியவில்லை, இதை மனத்திலிருந்தே அகற்றிவிடுங்கள் என்ற தொனியில்.

உண்மையான சோதனை 1783 மார்ச்சில், ஹட்சன் ஆற்றங்கரையில் நியூபர்க் பாசறையில் வந்தது. பெயரில்லாத ஒரு கடிதம் அதிகாரிகளிடையே கைமாறியது. சாரம் இதுதான்: போர் தொடர்ந்தால் காங்கிரஸைக் கைவிட்டுவிட்டுக் காட்டுப்பக்கம் போய்விடுவோம், அமைதி வந்தால், பணம் வரும்வரை ஆயுதத்தைக் கீழே வைக்கமாட்டோம். நயமான சொற்களில் எழுதியிருந்தாலும் இது ராணுவ மிரட்டல்தான். அவர்கள் அறிவித்த கூட்டத்தை வாஷிங்டன் தடுத்து, மார்ச் 15 அன்று தாமே ஒரு கூட்டத்துக்கு நாள் குறித்தார். சீசர் குத்துப்பட்டுச் செத்த அதே தேதி. தாம் வரப்போவதில்லை என்பதுபோல் எழுதியிருந்தவர், ஜெனரல் ஹொரேஷியோ கேட்ஸ் தலைமையில் கூட்டம் தொடங்கியதும் உள்ளே வந்து நின்றார்.

எழுதிவைத்திருந்த உரையைப் படித்தார். பெயரில்லாக் கடிதத்தை வரிக்கு வரி தாக்கினார். உரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இறுகிய முகங்கள் முழுவதும் இளகியதாகத் தெரியவில்லை. பிறகு, காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டுகிறேன் என்று எடுத்தார். எழுத்து பிடிபடவில்லை, தடுமாறினார். பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தார். அது அப்போதுதான் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து செய்து வந்த கண்ணாடி. அவர் கண்ணாடி போட்டு அங்கிருந்த பெரும்பாலோர் பார்த்ததே இல்லை. நாட்டுக்கு உழைத்து என் தலை நரைத்தது, இப்போது பார்வையும் மங்கிவிட்டது, கண்ணாடி போட்டுக்கொள்ளப் பொறுத்தருளுங்கள் என்ற பொருளில் ஏதோ சொன்னார். சரியான வாசகம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. பலர் கண்கலங்கினார்கள் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். அவர் வெளியேறியதும் அதே அதிகாரிகள் காங்கிரஸின் மீது நம்பிக்கை தெரிவித்துத் தீர்மானம் போட்டார்கள். ஒரு வாரத்தில் காங்கிரஸும் ஆயுள் பாதிச் சம்பளத்துக்குப் பதில் ஐந்தாண்டு முழுச் சம்பளம் என்று ஒப்புக்கொண்டது.

அது நடிப்பா, இயல்பாக நேர்ந்ததா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டும் கலந்தது. வாஷிங்டன் தம் தோற்றத்தின் மீது எப்போதும் கண் வைத்திருந்தவர்.

இங்கேதான் நான் வற்புறுத்த விரும்பும் வேற்றுமை வருகிறது. சின்சினாட்டஸ் திருப்பிக் கொடுத்த அதிகாரத்துக்குச் சட்டம் ஏற்கெனவே ஆறு மாத வரம்பு கட்டியிருந்தது. அவர் அதைச் சுருக்கினார், அவ்வளவுதான். அதை வாங்கிக்கொண்ட செனட்டும் உறுதியாக நின்ற அமைப்பு. வாஷிங்டனுக்குக் காலவரம்பு எதுவும் இல்லை; 1775 ஜூனிலிருந்து எட்டரை ஆண்டு தலைமைத் தளபதி. அவர் அதிகாரத்தை ஒப்படைத்ததோ ஓட்டாண்டியாகிப்போன ஒரு காங்கிரஸிடம். 1783 ஜூனில் சம்பளம் கேட்ட பென்சில்வேனியா வீரர்கள் ஃபிலடெல்ஃபியாவில் சூழ்ந்துகொண்டபோது, காங்கிரஸ் மூட்டை கட்டிக்கொண்டு பிரின்ஸ்டனுக்கு ஓடியது. பிறகு அனாபோலிஸுக்குப் போனது. அங்கே ஒன்பது மாநிலங்களின் உறுப்பினர்கள் சேராததால் அமைதி ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தரக்கூட முடியவில்லை; அது 1784 ஜனவரி வரை இழுத்தது. படையோடு வருபவன் தட்டிப்பறிக்க இதைவிட எளிதான அரசு இருக்க முடியாது. ஆங்கிலம் பேசும் உலகத்துக்கு 1653 இன்னும் மறக்கவில்லை: இங்கிலாந்துத் தளபதி கிராம்வெல் அந்த ஆண்டு வீரர்களைக் கூட்டிக்கொண்டு போய் நாடாளுமன்றத்தைக் கலைத்தார்.

அனாபோலிஸில் 1783 டிசம்பர் 23 அன்று நடந்த சடங்கை இந்தப் பின்னணியில் படியுங்கள். அதை வகுத்த குழுவில் தாமஸ் ஜெஃபர்சனும் இருந்தார். உறுப்பினர்கள் இருபது பேர் அளவில்தான் வந்திருந்தார்கள். அவர்கள் தொப்பியோடு உட்கார்ந்தே இருப்பார்கள். தளபதி எழுந்து நின்று தலைவணங்குவார். அவர்கள் பதிலுக்கு வணங்கமாட்டார்கள், தொப்பியை மட்டும் சற்றுத் தூக்குவார்கள். ராணுவத்தைவிடக் குடிமக்களின் அவை பெரியது என்பதைக் கண்ணால் பார்க்கும்படி காட்டினார்கள். அவைத்தலைவர் தாமஸ் மிஃப்லின், போர் நாட்களில் வாஷிங்டனுக்கு எதிரான அணியோடு சேர்ந்தவர் என்பது கூடுதல் சுவாரசியம். வாஷிங்டன் பேசினார், காகிதம் பிடித்த கை நடுங்கியது, அவையில் கண்ணீர் விடாதவர்கள் குறைவு என்று உறுப்பினர் ஜேம்ஸ் மெக்ஹென்றி அன்றைக்கே தம் காதலிக்கு எழுதினார். பேசி முடித்து, 1775இல் தமக்குத் தந்த நியமன ஆவணத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மிஃப்லினிடம் கொடுத்தார். மறுநாள், கிறிஸ்துமஸுக்கு முந்திய மாலையில், மவுண்ட் வெர்னன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அந்த 'வயலைப்' பற்றியும் ஒரு வார்த்தை. சின்சினாட்டஸுக்கு இரண்டரை ஏக்கர். மவுண்ட் வெர்னன் ஏறத்தாழ 8,000 ஏக்கருக்கு விரிந்த பண்ணை. அங்கே ஏர் பிடித்தவர் வாஷிங்டன் அல்ல. 1799இல் அவரே எடுத்த கணக்குப்படி 317 அடிமைகள். அவர்களில் 123 பேர் அவருக்கே சொந்தம். அவர்களைத் தம் மனைவியின் காலத்துக்குப் பிறகு விடுவிக்க வேண்டும் என்று உயிலில் எழுதினார். மார்த்தா 1801 ஜனவரி முதல் நாளிலேயே விடுவித்தார். மற்றவர்களில் பெரும்பாலோர் மார்த்தாவின் முதல் கணவர் குடும்பத்துச் சொத்து; அவர்களுக்கு விடுதலை இல்லை. 'வாஷிங்டன் விவசாயத்துக்குத் திரும்பினார்' என்ற வரியை எழுதினால் இந்த எண்களையும் சேர்த்து எழுதுங்கள்.

சின்சினாட்டஸ் பெயரை அமெரிக்கர்கள் படுத்திய பாடு தனி. 1783 மே மாதம் போர் அதிகாரிகள் சின்சினாட்டி சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வாஷிங்டன் அதன் முதல் தலைவர். உறுப்பினர் பதவி மூத்த மகனுக்குப் போகும் என்று விதி வைத்தார்கள். பதவியை உதறியவரின் பெயரில் பரம்பரைச் சங்கம்! பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தம் மகளுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் கிண்டலடித்துத் தள்ளினார். ஓஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரம் 1790இல் பெயர் பெற்றது இந்தச் சங்கத்தால்தான். சிலைகளையும் பாருங்கள். விர்ஜீனியா மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் பிரெஞ்சுச் சிற்பி உதோன் செய்த வாஷிங்டன் தம் ராணுவ உடையில் நிற்கிறார், பின்னால் ஒரு கலப்பை. 1840களில் இன்னொரு சிற்பி அவரை இடுப்புக்கு மேல் துணியில்லாத கிரேக்கக் கடவுளைப்போல் உட்காரவைத்தார், ஊரே சிரித்தது.

கடைசியாக மன்னர் சொன்னது. மூன்றாம் ஜார்ஜ், போர் முடிந்தால் வாஷிங்டன் என்ன செய்வார் என்று கேட்டாராம். அமெரிக்காவில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஓவியர் பெஞ்சமின் வெஸ்ட், தம் பண்ணைக்குத் திரும்புவார் என்றாராம். அப்படிச் செய்தால் அவரே உலகின் மிகப் பெரிய மனிதர் என்றாராம் மன்னர். இது பதிவானது பல ஆண்டு கழித்து, 1799இல், வெஸ்ட் சொல்லக் கேட்ட இன்னோர் ஓவியரின் நாட்குறிப்பில். மன்னரிடம் கேட்டவரிடம் கேட்டவர் எழுதியது. பொய் என்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் 'சொன்னார்' என்று எழுதாமல் 'சொன்னதாக வெஸ்ட் கூறியிருக்கிறார்' என்று எழுதுங்கள். நேரில் பார்த்தவரின் சான்று வேண்டுமென்றால் மெக்ஹென்றியின் கடிதத்தை மேற்கோள் காட்டலாம்.